நிறுத்தும் நாளைக் கேட்டு வாங்குங்கள்



அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு மருந்துச் சீட்டு கொடுப்பார்கள். நான்கைந்து மருந்துகள் இருக்கும். ஆன்டிபயாடிக் எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்கிறோம். சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா என்று கேட்கிறோம். தையல் பிரிக்க எப்போது வர வேண்டும் என்று கேட்கிறோம். வலி மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று மட்டும் கேட்பவர்கள் மிகக் குறைவு. "வலிக்கிற வரைக்கும்" என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். நாளாக நாளாக அது "இருக்கிற வரைக்கும்" என்று ஆகிவிடுகிறது.

நான் மயக்கவியல் மருத்துவர். எங்களை ஊரில் "மயக்க ஊசி டாக்டர்" என்பார்கள். வலியைக் குறைப்பதும், குறைக்கும்போது நோயாளியின் மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்வதும்தான் எங்கள் வேலை. எலும்பு முறிவு, சிசேரியன், குடலிறக்க அறுவை, மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பிறகு ஒரு சில நாட்களுக்கு மட்டும் தரப்படும் ஓபியாய்டு வகை வலி மருந்துகளைப் பற்றி இன்று பேசப்போகிறேன். புற்றுநோய் வலிக்காக மார்ஃபின் எடுப்பவர்களுக்கு நான் சொல்லும் நாள் கணக்கு பொருந்தாது. அவர்களுடைய தேவை வேறு, அளவு வேறு. இந்த உரையைக் கேட்டுவிட்டு அப்படி ஒருவருடைய மருந்தைத் தயவுசெய்து யாரும் நிறுத்திவிடாதீர்கள்.

எல்லா வலி மாத்திரையும் ஒரே இனமல்ல. பாராசிட்டமால் ஒரு வகை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை அடிபட்ட இடத்தின் வீக்கத்தையும் வலியையும் சேர்த்துக் குறைக்கும் இன்னொரு வகை. ஓபியாய்டுகள் மூன்றாவது வகை. இவை மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்து வலிச் செய்தியையே மங்கச் செய்கின்றன. மார்ஃபினும் கோடீனும் கசகசாச் செடியின் காயிலிருந்து வடியும் அபினில் உள்ளவை. டிராமடால், டேபென்டடால், ஃபென்டனில் ஆகியவை ஆய்வுக்கூடத்தில் உருவானவை. நம் ஊரில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் ஓபியாய்டு பெரும்பாலும் டிராமடால்தான். தனியாகவும் வரும், பாராசிட்டமாலுடன் ஒரே மாத்திரையாகச் சேர்ந்தும் வரும். இருமல் மருந்துகள் சிலவற்றில் இருக்கும் கோடீனும் இதே குடும்பம்தான்.

டிராமடால் "லேசான" மருந்து என்ற எண்ணம் பொதுமக்களிடம் மட்டுமல்ல, எங்கள் துறையிலும் நெடுநாள் இருந்தது. அந்த எண்ணத்தை இப்போது விட்டுவிட வேண்டும். கூடுதல் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளுக்காக 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணையில் டிராமடால் இருக்கிறது. அந்த அட்டவணை மருந்தை விற்றால் எழுதிய மருத்துவர் யார், வாங்கியவர் யார், எத்தனை மாத்திரை என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2018இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் டிராமடால் கொண்டுவரப்பட்டது. அட்டையில் சிவப்பில் அச்சிட்ட குறியீடும் எச்சரிக்கையும் இருப்பது அதனால்தான். ஆனால் கடையில் "நாலு மாத்திரை போதும்" என்று சொல்லி அட்டையை வெட்டி வாங்கும்போது, பல சமயம் மருந்தின் பெயரும் காலாவதி நாளும் கடையிலேயே தங்கிவிடுகின்றன. பெயரில்லாத வெள்ளி அட்டைத் துண்டுதான் வீட்டுக்கு வருகிறது. வெட்டித்தான் வாங்க வேண்டுமென்றால் ஒரு சிறு கவரில் பெயரையும் அளவையும் தேதியையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

இனி மூச்சு. இந்த உரையில் எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்கக் கூடாது.

நாம் தூங்கும்போதும் மூச்சு நடக்கிறது. இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடக் கூட, மூளைத்தண்டில் இருக்கும் நரம்புக் கூட்டம் ஒன்று "மூச்சை இழு" என்று ஆணையிடுகிறது. ஓபியாய்டு அந்த நரம்புகளின் விழிப்பைக் குறைக்கிறது. கார்பன் டை ஆக்சைடு ஏறினாலும் ஆணை தாமதமாக வருகிறது. அளவு மிஞ்சினால் வருவதே இல்லை. திணறல் என்ற உணர்வும் மங்கிவிடுவதால் அந்த ஆள் போராடுவதில்லை, கத்துவதில்லை. பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அவர் நன்றாகத் தூங்குவதாகவே தோன்றும். அறுவை அரங்கில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியும், மூச்சு குறைந்தால் ஒலிக்கும் மணியும், அருகிலேயே நாங்களும் இருக்கிறோம். வீட்டில் இரவு இரண்டு மணிக்கு அதையெல்லாம் கவனிக்க இருப்பது குடும்பத்தார் மட்டும்தான்.

மருத்துவர் சொன்ன அளவில், தனியாக எடுக்கும்போது பெரும்பாலோர்க்கு இந்த ஆபத்து வருவதில்லை. வேறொன்று கூடச் சேரும்போதுதான் பெரும்பாலும் வருகிறது. அல்பிரஸோலம், குளோனஸெபம் போன்ற தூக்க மாத்திரைகள், பதற்றத்துக்கான மாத்திரைகள் ஒரு பக்கம். மது இன்னொரு பக்கம். நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின், காபாபென்டின் ஆகியவையும் இதில் சேர்த்தி என்பது பலருக்குத் தெரியாது. தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மாத்திரைகளும் அப்படித்தான். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மருத்துவர் எழுதியிருப்பார். அப்பாவுக்குத் தூக்கத்துக்கு ஒருவர், சர்க்கரையால் வரும் கால் எரிச்சலுக்கு ஒருவர், இப்போது இடுப்பு எலும்பு முறிவுக்கு ஒருவர். மூன்று சீட்டும் ஒரே மேசையில் ஒன்றாக வைக்கப்படுவதே இல்லை. மருத்துவமனைக்குப் போகும்போது வீட்டில் நடப்பிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "ராத்திரி தூங்க ஒண்ணு போடுவேன், அவ்வளவுதான்" என்று அலட்சியமாகச் சொல்லும் அந்த ஒன்றுதான் எங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது. குடிப்பழக்கம் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நாங்கள் கேட்பது மருந்தின் அளவைத் தீர்மானிக்கத்தான். பலத்த குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருபவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், நுரையீரல் நோயாளிகள், 75 வயதைத் தாண்டியவர்கள் ஆகியோருக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். சிலருக்குக் கொடுக்கவே கூடாது.

இரவில் என்ன பார்க்க வேண்டும்? பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோளைத் தட்டினால் கண் திறந்து பதில் சொல்ல வேண்டும். எழுப்ப எழுப்ப எழாமல் இருப்பது, தொண்டையில் நீர் கொப்பளிப்பதுபோல் ஒரு குறட்டை, மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே நீண்ட இடைவெளி, உதட்டின் உட்பகுதியிலும் நகக்கண்ணிலும் சாம்பல் அல்லது நீலம், ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிய கண்மணி: இவை ஆபத்தின் அடையாளங்கள். சந்தேகம் வந்தால் கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 10க்கும் கீழே போனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108. அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் காபியோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். வண்டி வரும்வரை தொடர்ந்து தட்டி எழுப்பி, "மூச்சை இழுங்க" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். மூச்சு நின்றே போனால் செயற்கைச் சுவாசம் கொடுக்கப் பயின்றவர்கள் கொடுக்கலாம். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். நலோக்சோன் என்ற முறிமருந்து மருத்துவமனையில் உண்டு. அதைப் போட்டவுடன் ஆள் எழுந்து உட்கார்ந்தாலும் உடனே வீட்டுக்கு அழைத்து வந்துவிடக் கூடாது. முறிமருந்தின் வேகம் அடங்கிய பிறகும் உள்ளே இருக்கும் ஓபியாய்டு தொடர்ந்து வேலை செய்யும்.

சொன்ன அளவைத் தாண்டுவது பெரும்பாலும் பொறுமையின்மையால்தான். "போட்டு அரை மணி ஆச்சு, கேட்கவே இல்லை, இன்னொண்ணு போட்டுக்கிட்டேன்" என்பார்கள். வாய்வழி மாத்திரை முழு வேகத்துக்கு வர ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், இஆர் என்ற எழுத்துகள் உள்ள மாத்திரைகள் பல மணி நேரத்துக்கு மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்டவை. விழுங்கச் சிரமப்படும் பாட்டிக்கு மாத்திரையை நுணுக்கித் தேனிலோ வாழைப்பழத்திலோ குழைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். இந்த வகை மாத்திரையை நுணுக்கினால் நாள் முழுவதுக்குமான மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். விழுங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லி வேறு வடிவத்தில் கேளுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. டிராமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையில் வழக்கமாக 325 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கும். வேளைக்கு 2 வீதம் 3 வேளை எடுத்தால் 1,950. கூடவே லேசாக உடம்பு சூடாக இருக்கிறதென்று வீட்டில் இருக்கும் டோலோ 650 என்ற பாராசிட்டமால் மாத்திரையையும் நான்கு முறை போட்டால் அதில் 2,600. மொத்தம் 4,550. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கே ஒரு நாளைக்கு 4,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மெலிந்தவர்களுக்கும், குடிப்பவர்களுக்கும், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் அந்த வரம்பு இன்னும் கீழே. இரண்டு மாத்திரைக்கும் பெயர் வேறு வேறாக இருப்பதால்தான் இந்தத் தவறு நடக்கிறது.

ஒருவருக்குக் கேட்ட மருந்து இன்னொருவருக்குக் கேட்காமல் போவதற்கு உடலில் காரணம் உண்டு. டிராமடாலையும் கோடீனையும் கல்லீரலில் ஒரு நொதி மாற்றியமைத்த பிறகுதான் அவற்றின் முழு வலிமையும் வெளிப்படும். அந்த நொதி சிலருக்கு மந்தம், சிலருக்கு மிக வேகம். மந்தமானவருக்கு வலி குறையாது. வேகமானவருக்குச் சாதாரண அளவே மிகையாகிவிடும். வெளியிலிருந்து பார்த்து யாருக்கு எப்படி என்று சொல்ல முடியாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017இல் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த இரண்டு மருந்துகளையும் விலக்கியது. டான்சில் அறுவைக்குப் பிறகு 18 வயது வரை கூடாது என்றும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு வேண்டாம் என்றும் சொன்னது. அக்காவுக்குக் கொடுத்ததில் மீந்ததைத் தங்கை பிள்ளைக்குப் பாதி உடைத்துக் கொடுப்பதை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். டிராமடாலுக்கு இன்னொரு குணமும் உண்டு. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு இது வலிப்பைத் தூண்டலாம். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலவற்றோடு சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், படபடப்பு, குழப்பம் என்று உடம்பைப் புரட்டிப் போடும்.

எல்லா வலிக்கும் ஓபியாய்டு தேவைப்படுவதும் இல்லை. 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஓர் ஆய்வு வந்தது. கை கால் வலியோடு அவசரப் பிரிவுக்கு வந்த 416 பேரில் ஒரு பகுதியினருக்கு ஐபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்த்துக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஓபியாய்டு கலந்த மாத்திரைகள். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது வலி குறைந்ததில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. பல் பிடுங்கிய வலிக்கும் சிறுநீரகக் கல் வலிக்கும் வீக்கம் குறைக்கும் மருந்துகள்தான் பலருக்கு நன்றாகக் கேட்கின்றன. வயிற்றுப் புண், சிறுநீரகப் பழுது, இதய நோய் இருப்பவர்களுக்கு அந்த மருந்துகள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்போது ஓபியாய்டுக்கு இடமுண்டு. பெரிய அறுவைக்குப் பின்னும் இடமுண்டு. அப்போதும் பாராசிட்டமாலைக் குறித்த நேரத்துக்கு எடுத்துக்கொண்டு, அதற்கும் அடங்காத வலிக்கு மட்டும் ஓபியாய்டைத் தொடுவது என்பதுதான் நான் என் நோயாளிகளுக்குச் சொல்லும் முறை.

இவ்வளவு எச்சரிக்கைக்கும் பிறகு, மறுபக்கத்தையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். பயந்து மருந்தையே மறுப்பவர்களும் நம்மிடையே நிறையப் பேர். குறிப்பாகப் பெண்கள். சிசேரியன் முடிந்து புரளக்கூட முடியாமல் படுத்திருக்கும் பெண்ணிடம், "நாங்கெல்லாம் பொறுத்துக்கலையா" என்று சொல்லும் மாமியாரையும் அத்தையையும் எந்த வார்டிலும் பார்க்கலாம். அது வேண்டாம். வயிற்றில் தையல் போட்டவர் வலிக்குப் பயந்து இருமாமல், ஆழ்ந்து மூச்சிழுக்காமல் கிடந்தால் நெஞ்சில் சளி தங்கி நிமோனியா வரும். எழுந்து நடக்காமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையும். பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்கார முடியாது. எந்த மருந்து, எவ்வளவு என்பது மருத்துவர் முடிவு. வலி இருக்கிறது என்று சொல்வது நோயாளியின் உரிமை. மருந்தின் நோக்கம் வலியைச் சுத்தமாகத் துடைப்பதல்ல. இருமவும், எழுந்து கழிவறைக்குப் போகவும், நாலு மணி நேரம் தூங்கவும் முடிந்தால் மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள்.

பயம் மட்டுமே சட்டமானால் என்ன ஆகும் என்பதை இந்தியா அனுபவித்திருக்கிறது. 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, அபின் விளையும் இந்த நாட்டிலேயே மருத்துவமனைகளில் மார்ஃபின் கிடைப்பது அரிதாயிற்று. புற்றுநோயாளிகள் வலியோடு இறந்தார்கள். கேரளத்து மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகுதான் 2014இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது.

பயமே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. 1980இல் ஒரு மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் ஓபியாய்டு பெற்ற 11,882 பேரில் 4 பேருக்குத்தான் அடிமைத்தனம் பதிவானது என்பது அதன் சாரம். படுக்கையில் செவிலியர் கண்காணிப்பில் இருந்தவர்களைப் பற்றிய குறிப்பு அது. வீட்டுக்கு மாத்திரை டப்பாவோடு போனவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்தக் கடிதத்தை 608 ஆய்வுகள் மேற்கோள் காட்டியிருந்ததையும், பெரும்பாலானவை அதை ஓபியாய்டு ஆபத்தில்லாதது என்பதற்கான சான்றாகவே எடுத்துக்கொண்டதையும் 2017இல் எண்ணிச் சொன்னார்கள். நடுவில் 1996இல் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை சந்தைக்கு வந்து, சாதாரண முதுகுவலிக்கும் எழுதப்பட்டது. 2021இல் மட்டும் அந்த நாட்டில் ஓபியாய்டு மிகையால் இறந்தவர்கள் 80,000க்கும் மேல். அதில் பெரும்பகுதி கள்ளச்சந்தை ஃபென்டனிலால் நேர்ந்தது. ஆனாலும் அந்த வழியில் முதல் அடியை மருந்துச் சீட்டு வைத்துக்கொண்டு எடுத்துவைத்தவர்கள் ஏராளம்.

நாள் கணக்கு ஏன் முக்கியம் என்பதும் அந்த நாட்டுப் பதிவுகளிலிருந்தே தெரிகிறது. முன்பு ஓபியாய்டு எடுக்காதவர்களின் முதல் சீட்டை ஆராய்ந்த கட்டுரை ஒன்றை அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2017இல் வெளியிட்டது. ஒரு நாளாவது எடுத்தவர்களில் 6 விழுக்காட்டினர் ஓராண்டு கழித்தும் ஓபியாய்டு மருந்தில் இருந்தார்கள். 8 நாட்களோ அதற்கு மேலோ எடுத்தவர்களில் அது 13.5. 31 நாட்களைத் தொட்டவர்களில் ஏறக்குறைய 30. அவர்கள் எல்லாருமே அடிமையானவர்கள் என்று நான் சொல்லவில்லை. தீராத வலி உள்ளவர்களும் அதில் இருப்பார்கள். ஆனாலும் ஒவ்வொரு நாள் கூடும்போதும் நிறுத்துவது கடினமாகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது. அதே மையம் 2016இல் சொன்னது: திடீர் வலிக்குப் பெரும்பாலும் 3 நாள் போதும், 7 நாளுக்கு மேல் தேவைப்படுவது அபூர்வம். பெரிய அறுவைகளுக்கு இது பொருந்தாது. 2022இல் அந்த எண்களைக் கொஞ்சம் தளர்த்தி, ஆளுக்கும் வலிக்கும் தக்கபடி என்று மாற்றினார்கள். நியாயமான மாற்றம்.

ஆகவே சீட்டை வாங்கும்போதே மருத்துவரிடம் கேளுங்கள்: "டாக்டர், இந்த வலி மாத்திரையை எந்தத் தேதியில நிறுத்தணும்? அன்னைக்கும் வலி இருந்தா யாரை வந்து பார்க்கணும்?" தேதியைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். எங்கள் பங்குக்கு நாங்களும் திருந்த வேண்டும். சீட்டில் "எஸ்ஓஎஸ்" என்று கிறுக்கிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிறோம். வலி தாங்கவில்லையென்றால் மட்டும் எடுங்கள் என்பது அதன் பொருள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை, இரண்டு மாத்திரைக்கு நடுவே எத்தனை மணி நேரம் என்று தமிழில் எழுதிக் கொடுக்க ஒரு நிமிடம் ஆகாது.

ஒரு வாரத்துக்குள் முடிந்தால் பெரும்பாலும் அப்படியே நிறுத்திவிடலாம். வாரக்கணக்கில் எடுத்தவர்கள் சட்டென்று நிறுத்தினால் ஓயாத கொட்டாவி, மூக்கில் நீர், புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, உடம்பு முழுவதும் வலி என்று வரும். பழைய வலிதான் திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி மாத்திரையைத் தேடுவார்கள். அந்த நேரத்தில் குற்றம் சாட்டாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். படிப்படியாகக் குறைக்க வழி இருக்கிறது.

ஓபியாய்டு எடுக்கும் நாட்களில் இரு சக்கர வண்டி ஓட்டக் கூடாது. இரவில் கழிவறைக்கு எழும் முதியவரோடு ஒருவர் கூடப் போக வேண்டும், தலைசுற்றி விழுந்து இன்னோர் எலும்பு முறிவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். மலச்சிக்கல் முதல் நாளிலிருந்தே வரும், மற்ற தொந்தரவுகள் பழகினாலும் இது பழகாது. மாத்திரை எழுதும்போதே மலமிளக்கியும் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, மீந்த மாத்திரை. குளிர்சாதனப் பெட்டியின் மேலோ சாமி அலமாரியிலோ ஒரு டப்பாவில் கிடக்கும். பக்கத்து வீட்டு முட்டிவலிக்கு அதிலிருந்து இரண்டு போகும். பள்ளி, கல்லூரி போகும் பிள்ளைகளின் கைக்கும் அது எட்டும். வலி மாத்திரையைப் போதைக்காகப் பயன்படுத்தி இளைஞர்கள் சிக்கும் செய்திகளைத் தமிழ்நாட்டு நாளிதழ்களில் நாம் இப்போது தொடர்ந்து படிக்கிறோம். மருந்தை எடுக்கும் நாட்களில் பூட்டிவையுங்கள், எண்ணி வையுங்கள். முடிந்தபின் ஒன்றைக்கூட மிச்சம் வைக்காதீர்கள். பொதுவாக மருந்துகளைக் கழிவறையில் போடக் கூடாதுதான். ஆனால் மத்திய மருந்துத் தரக்கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வீட்டில் வைத்திருப்பதுதான் பெரிய ஆபத்து என்று கருதி 17 மருந்துகளை மட்டும் கழிவறையில் போட்டு நீரூற்றிவிடச் சொல்லியிருக்கிறது. டிராமடால், டேபென்டடால், மார்ஃபின், ஃபென்டனில் ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. மருந்துக் கடைகளே திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு ஒவ்வோர் ஊரிலும் வர வேண்டும். அதை நாம் கேட்டுப் பெற வேண்டும்.

மாத்திரையை அழித்த பிறகும் சீட்டை மட்டும் பத்திரமாக வையுங்கள். எந்த மருந்து எடுத்தேன், எந்தத் தேதியில் நிறுத்தினேன், எது வாந்தியைக் கிளப்பியது, எது கேட்டது என்று அதன் பின்புறம் நாலு வரி எழுதி வையுங்கள். அடுத்த முறை உங்களுக்கு மயக்க மருந்து கொடுக்க வரும் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.